ஐந்தாவது சுற்றுக்கும் தாங்கும் படையணி

முதல்முறையாக எக்ஸ்-விங் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கும் நண்பர்களுக்கு,



பெயர் கொடுத்த கையோடு உங்களில் பலர் கேட்கத் தொடங்கிவிட்டீர்கள்: "இப்போ எந்த லிஸ்ட் ஜெயிக்குது?" கேள்வியில் தவறில்லை. ஆனால் அதற்குக் கிடைக்கிற பதிலை அப்படியே எழுதிக்கொண்டு போட்டிக்கு வந்தவர்கள் பலர், மதியச் சாப்பாட்டுக்குள் நொந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கொண்டுவந்தது நல்ல படையணி. அதை ஓட்டத்தான் அவர்களால் முடியவில்லை. உங்களுக்கு அப்படி நேரக்கூடாது என்பதற்காகத்தான் இந்த மடல்.

ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். நம் போட்டி ஐந்து சுற்று. சுற்றுக்கு 75 நிமிடம். மேசையில் நிற்கும் நேரம் மட்டுமே ஆறேகால் மணி. காலையில் முதல் சுற்றில் உங்களிடம் இருக்கும் தெளிவு மாலையில் ஐந்தாவது சுற்றில் இருக்காது. கால் வலிக்கும், பசிக்கும், முந்தைய ஆட்டத்தின் தோல்வி மனதில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிலையிலும் எந்தப் படையணியை உங்களால் பிசகாமல் ஓட்ட முடியுமோ, அதுதான் உங்களுக்கான படையணி. மீதி எல்லாம் இதன் விளக்கம்.

ஆட்டத்துக்குப் புதியவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டார் வார்ஸ் படங்களின் போர்க்கலங்களை வைத்து அமெரிக்காவின் ஃபேன்டசி ஃப்ளைட் கேம்ஸ் நிறுவனம் 2012இல் கொண்டுவந்தது எக்ஸ்-விங். மூன்றடிக்கு மூன்றடி விரிப்பின் மேல், வண்ணம் பூசிய சின்னஞ்சிறு கலங்கள் மோதும் ஆட்டம். ஒவ்வொரு டர்னிலும் ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு டயலில் நகர்வைத் தேர்ந்து கவிழ்த்து வைக்கிறோம். எதிராளியும் அப்படியே செய்கிறார். இரண்டு பக்கமும் முடிவான பிறகுதான் டயல்கள் திறக்கும். கதை விண்வெளியில் நடந்தாலும் இது அசல் விமானச் சண்டைதான். 1977இல் வந்த முதல் படத்தின் சண்டைக் காட்சிகளுக்கு ஜார்ஜ் லூகாஸ் முன்மாதிரியாக வைத்துக்கொண்டது இரண்டாம் உலகப்போர் விமானச் சண்டைப் படச்சுருள்களை. எக்ஸ்-விங்குக்கு முன்பே, 2004இல், ஆன்ட்ரியா ஆஞ்சோலினோ, பியர் ஜார்ஜியோ பாலியா என்ற இரண்டு இத்தாலியர்கள் முதல் உலகப்போர் விமானங்களை வைத்து விங்ஸ் ஆஃப் வார் என்ற ஆட்டத்தை உருவாக்கியிருந்தார்கள். நகர்வை மறைத்து வைத்துப் பின் ஒரே நேரத்தில் வெளிப்படுத்தும் முறை அதிலும் உண்டு. அதை ஆங்கிலத்தில் வெளியிட்டதும் ஃபேன்டசி ஃப்ளைட்தான்.

முதல் பதிப்பில் ஒரு படையணிக்கு 100 புள்ளி. 2018 செப்டம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் 200. நாம் ஆடப்போவது இந்த 200 புள்ளி விதியில். அந்த 200க்குள் விமானிகள், அவர்களின் கலங்கள், மேம்பாட்டு அட்டைகள் எல்லாம் அடங்க வேண்டும். கூடவே விரிப்பில் வைக்க, விண்கல் போன்ற மூன்று தடைகளையும் நீங்களே தேர்ந்து கொண்டுவர வேண்டும். அதையும் படையணியின் ஒரு பகுதியாகவே எண்ணுங்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில், வெற்றி பெற்ற பட்டியலை நகலெடுப்பதில் என்ன சிக்கல் என்று பார்ப்போம். காகிதத்தில் இருப்பது நான்கைந்து பெயர்களும் சில எண்களும் மட்டுமே. அந்தப் படையணியை வெல்லவைத்த முடிவுகள் காகிதத்தில் இல்லை. எந்த டர்னில் திரும்பினார், எப்போது சண்டையைத் தவிர்த்தார், எந்தக் கலத்தைப் பலி கொடுக்கத் துணிந்தார் என்பதெல்லாம் அந்த ஆட்டக்காரரின் கைப்பழக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு படையணியும் தன்னை ஓட்டுபவரிடம் ஒவ்வொரு டர்னிலும் சில கேள்விகள் கேட்கும். பட்டியலைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் உண்மையில் தேர்ந்தெடுப்பது அந்தக் கேள்விகளைத்தான்.

ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்க்கலாம். பேரரசுத் தரப்பின் சூன்டிர் ஃபெல், டை இன்டர்செப்டர் ஓட்டும் விமானி. இனிஷியேட்டிவ் 6. அதாவது எல்லோரும் நகர்ந்த பிறகு கடைசியாக நகர்வார், எல்லோருக்கும் முன்னால் சுடுவார். தாக்க மூன்று சிவப்புப் பகடை, தடுக்க மூன்று பச்சைப் பகடை. ஆனால் உடல் வெறும் 3, கவசம் 0. மூன்று அடி விழுந்தால் கதை முடிந்தது.

அவரை ஓட்டும்போது ஒரு டர்ன் எப்படிப் போகும்? டயலை வைக்கும்போது எதிரிக் கலங்கள் எங்கே வந்து நிற்கும் என்று ஊகிக்க வேண்டும். அவை நகர்ந்து முடித்ததும், ஒவ்வொன்றின் சுடும் கோணமும் எங்கே விழுகிறது என்று கண்ணால் அளக்க வேண்டும். உங்கள் நகர்வு முடிந்ததும் ஓர் ஆக்‌ஷன். இன்டர்செப்டருக்கு அதைத் தொடர்ந்து பூஸ்ட் என்ற முன்னகர்வோ பேரல் ரோல் என்ற பக்கநகர்வோ எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. அப்படி எடுத்தால் ஸ்ட்ரெஸ் டோக்கன் வந்து சேரும். முதலில் ஃபோகஸ் எடுத்துவிட்டு நகர்வதா, இரண்டு முறை நகர்ந்து கோணத்தை விட்டே வெளியேறுவதா? பேரல் ரோல் எடுத்தால் கலத்தின் அடிப்பலகை பாறையில் இடிக்குமா? எதிரே யாராவது நேர்க்கோட்டில் சிக்கினால், அதாவது புல்ஸ்-ஐ கோணத்துக்குள் வந்தால், ஃபெல்லுக்கு இலவசமாக ஒரு ஃபோகஸ் கிடைக்கும். அதற்காகத் துணியலாமா? ஸ்ட்ரெஸ் விழுந்தால், அதைக் கழிக்க அடுத்த டர்னில் டயலில் உள்ள எளிய நீல நகர்வுதான் எடுக்க வேண்டியிருக்கும் என்று எதிராளிக்கும் தெரியும். அப்போது எங்கே போவீர்கள் என்பதையும் அவர் பாதி கணித்துவிடுவார்.

ஒரு கலத்துக்கு, ஒரு டர்னில், இத்தனை கேள்விகள். இப்படி, ஏஸ் எனப்படும் திறமைசாலி விமானிகள் மூவரைக் கொண்ட படையணியை எழுதினால் ஆட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு டர்ன்களும் இதே வேலை. ஒரே ஒரு தப்பு, அரை அங்குலம் பிசகிய ஒரே ஒரு பேரல் ரோல், மூன்றில் ஒரு பங்குப் படையைக் கொண்டுபோய்விடும். பழகியவர் கையில் இந்தப் படையணி அழகு. முதல் போட்டிக்கு வருபவர் கையில், அதுவும் ஐந்தாவது சுற்றில், அது ஒரு பெரும் பாரம்.

இதற்கு நேரெதிர் கூட்டப்படை. முதல் பதிப்பில் அகாடமி பைலட் என்ற சாதாரண டை ஃபைட்டர் விமானிக்கு 12 புள்ளி. எட்டுப் பேரை எடுத்தால் 96. ஆளுக்கு இரண்டே சிவப்புப் பகடை, உடல் 3, கவசம் கிடையாது. தனித்தனியாகப் பார்த்தால் பலவீனம். சேர்ந்து பார்த்தால் பயங்கரம். ஏன் என்று பகடைக் கணக்கே சொல்லும்.

சிவப்புப் பகடைக்கு எட்டு முகம்: மூன்று அடி, ஒரு பேரடி, இரண்டு ஃபோகஸ், இரண்டு வெற்று. பச்சைக்கும் எட்டு: மூன்று தப்பித்தல், இரண்டு ஃபோகஸ், மூன்று வெற்று. ஃபோகஸ் டோக்கன் கையில் இருந்தால் ஃபோகஸ் முகங்களும் பயன்படும். ஆகவே சிவப்புப் பகடை ஒன்று பலிக்கும் வாய்ப்பு 50 விழுக்காட்டிலிருந்து 75ஆக உயரும். பச்சைக்கு 37.5இலிருந்து 62.5.

இப்போது ஃபோகஸ் வைத்திருக்கும் ஒரு டை ஃபைட்டர், ரேஞ்ச் 2இல், ஃபோகஸ் வைத்திருக்கும் சூன்டிர் ஃபெல்லைச் சுடுகிறது. இரண்டு சிவப்புக்கு எதிராக மூன்று பச்சை. சராசரிச் சேதம் ஏறத்தாழ 0.23. நாலு தடவை சுட்டால் ஒரு அடிகூட உறுதியில்லை. ஆனால் அந்த ஒரு தாக்குதலைத் தடுக்க ஃபெல் தன் ஃபோகஸைச் செலவழித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த டை ஃபைட்டர் சுடும்போது சராசரிச் சேதம் 0.61. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆறு டை ஃபைட்டர்கள் ஒரே டர்னில் அவரைக் குறிவைத்தால் மொத்தம் 3.3 அளவுக்கு வரும். ஃபெல்லின் உடலோ 3. நடுவில் ஹவுல்ரன்னர் என்ற விமானி நின்று, ரேஞ்ச் 1க்குள் இருக்கும் தோழர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புப் பகடையை மறுபடி உருட்டும் உரிமை கொடுத்தால் கணக்கு இன்னும் மோசமாகும்.

ஃப்ரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேய மோட்டார் கார் பொறியாளர், முதல் உலகப்போரின்போது, 1916இல் வெளியிட்ட விமானப்போர் நூலில் இதைத்தான் கணிதமாக எழுதினார். எல்லோரும் எல்லோரையும் சுட முடிகிற சண்டையில் ஒரு படையின் வலிமை எண்ணிக்கையின் இருபடியாகப் பெருகும். சம தரமுள்ள ஆறு பேர் நான்கு பேரோடு மோதினால் மிஞ்சுவது இரண்டு பேர் அல்ல. முப்பத்தாறிலிருந்து பதினாறைக் கழித்தால் இருபது. அதன் வர்க்கமூலம் நாலரைக்குச் சற்றுக் குறைவு. ஆறில் நாலுக்கு மேல் மிஞ்சும். எண்ணிக்கையில் பாதியாக இருக்கும் படை சமமாக நிற்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கலமும் இரண்டு மடங்கு நன்றாக இருந்தால் போதாது. நான்கு மடங்கு நன்றாக இருக்க வேண்டும்.

அப்படியானால் எல்லோரும் கூட்டப்படையே எடுத்துவிடலாமா? லான்செஸ்டரின் நிபந்தனையை மறுபடி படியுங்கள்: எல்லோரும் எல்லோரையும் சுட முடிகிற சண்டை. நம் விரிப்பில் ஆறு தடைகள் கிடக்கின்றன. கலங்கள் பெரும்பாலும் முன்னால் மட்டுமே சுடும். ஆறு கலங்களையும் ஒரே நேரத்தில் ஒரே எதிரியை நோக்கித் திருப்பி நிறுத்துவதுதான் கூட்டப்படை கேட்கும் கேள்வி. வரிசையின் உள்பக்கக் கலமும் வெளிப்பக்கக் கலமும் ஒரே வளைவில் திரும்பினால் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். இடித்த கலத்துக்கு அந்த டர்னில் ஆக்‌ஷன் இல்லை. ஆக்‌ஷன் இல்லையென்றால் ஃபோகஸ் இல்லை. 75 விழுக்காடு மறுபடி 50க்கு இறங்கிவிடும். ஏஸ் ஓட்டுபவர்கள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். எதிராளியின் ஆறு கலங்களில் இரண்டு மட்டுமே தங்களைச் சுடும்படி பக்கவாட்டில் வந்து சேர்வார்கள். அங்கே லான்செஸ்டரின் கணக்கு அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும்.

நேரத்தையும் பாருங்கள். ஒரு டர்னுக்கு ஆறு டயல், ஆறு நகர்வு, ஆறு ஆக்‌ஷன், ஆறு முறை சுடுதல். பழக்கம் இல்லாதவருக்கு 75 நிமிடத்தில் ஆட்டம் பாதியிலேயே நின்றுவிடும். நேரம் முடிந்தால் அழித்த புள்ளிகளை எண்ணித்தான் வெற்றி. பாதியோ அதற்கு மேலோ அடிபட்ட கலத்துக்குப் பாதிப் புள்ளியும் உண்டு. மெதுவாக ஆடும் கூட்டப்படை, வெல்ல வேண்டிய ஆட்டத்தையும் வெல்லாமல் எழுந்து வரும்.

ஆகவே முதல் போட்டிக்கு என் பரிந்துரை நடுவழி: நாலு அல்லது ஐந்து கலம், ஒவ்வொன்றும் ஓரிரு தப்பைத் தாங்கக்கூடியதாக. கிளர்ச்சிப் படையின் எக்ஸ்-விங் இதற்கு நல்ல உதாரணம். மூன்று சிவப்பு, இரண்டு பச்சை, உடல் 4, கவசம் 2. சூன்டிர் ஃபெல் மூன்று அடியில் விழும் இடத்தில் இது விழ ஆறு அடி வேண்டும். இறக்கைகளை மூடிக்கொண்டால் ஒரு சிவப்புப் பகடையை இழப்போம், பதிலுக்கு பூஸ்ட் கிடைக்கும். அடிபட்ட கலத்தைச் சண்டையிலிருந்து விலக்கிக்கொள்ள அது போதும். இதில் நீங்கள் டர்னுக்கு எதிர்கொள்வது நாலைந்து நேரான கேள்விகள். ஒரு டயலைத் தப்பாக வைத்தாலும் ஆட்டம் கைவிட்டுப் போகாது. அடுத்த டர்னில் திருத்திக்கொள்ளலாம். தப்பைத் திருத்திக்கொள்ள வாய்ப்புத் தரும் படையணியில்தான் கற்றுக்கொள்ளவும் முடியும்.

எக்ஸ்-விங்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. உங்களுக்குப் பிடித்த தரப்பு பேரரசாகவோ குடியரசாகவோ இருக்கலாம். எதை எடுத்தாலும் பட்டியலைக் கொடுக்கும் முன் மூன்று சோதனைகளை அதற்கு வையுங்கள்.

முதல் சோதனை: உங்கள் படையணி எப்படி வெல்லும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். "மூன்று கலம் நேராகப் போய் மோதும், அந்தக் கலவரத்தில் நாலாவது பக்கவாட்டில் வந்து அடிபட்டவர்களை முடிக்கும்." இது ஒரு திட்டம். "எல்லாக் கலமும் நல்ல கலம்" என்பது திட்டமாகாது. வாக்கியம் வரவில்லையென்றால் படையணி இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை.

இரண்டாம் சோதனை: தடைகள். இரண்டு ஆட்டக்காரர்களும் ஆளுக்கு மூன்றாகக் கொண்டுவரும் ஆறும்தான் அந்த விரிப்பின் நிலப்பரப்பு. அணிவகுத்துப் போகும் படைக்கு இடைவெளி தேவை. இருப்பதிலேயே சிறிய கற்களாகப் பாருங்கள். ஒளிந்து வந்து பக்கவாட்டில் தாக்கும் படைக்குப் பெரிய கற்கள் அரண். விண்கல்லில் ஏறினால் அந்த டர்னில் சுட முடியாது, பகடை உருட்டிச் சேதமும் வாங்கலாம். சிதைவு மேகத்தில் புகுந்தால் ஸ்ட்ரெஸ் விழும். ஸ்ட்ரெஸைத் தாங்கும் படையணிக்கு மேகம் பரவாயில்லை. ஸ்ட்ரெஸ் வந்தாலே தடுமாறும் படைக்கு அது ஆபத்து. அட்டைகளை மணிக்கணக்கில் ஆராய்ந்தவர்கள்கூடத் தடைகளைக் கையில் கிடைத்தபடி அள்ளிக்கொண்டு வருகிறார்கள். வேண்டாம். செலவில்லாமல் கிடைக்கும் மேம்பாடு இது.

மூன்றாம் சோதனை: எதிரே மூன்று வகைப் படைகளை வைத்து ஆடிப் பாருங்கள். ஏஸ்கள், கூட்டப்படை, டார்பிடோ படை. புரோட்டான் டார்பிடோவுக்கு நாலு சிவப்புப் பகடை. ரேஞ்ச் 2, 3இல் சுடலாம். சுடும் முன் இலக்கைக் குறிபூட்டும் லாக் டோக்கன் வேண்டும். கலத்துக்கு இரண்டே முறை. நாலு கலங்களிலும் டார்பிடோவைச் சுமந்துகொண்டு வரும் எதிராளி முதல் மோதலிலேயே உங்கள் கலம் ஒன்றை, சில நேரம் இரண்டை, வீழ்த்தப் பார்ப்பார். லாக் கிடைக்காத தூரத்தில் சுற்றி வந்து, சட்டென்று ரேஞ்ச் 1க்குள் பாய முடிகிறதா உங்களால்? ஒவ்வொரு வகையோடும் ஆடிப் பார்த்துவிட்டு ஓர் எளிய குறிப்பு எழுதுங்கள்: எந்தக் கலம் முதலில் விழுந்தது, எந்த டர்னில், எதனால். அந்தக் குறிப்புகள் சொல்லும் பாடத்தை வேறு யாருடைய பட்டியலும் உங்களுக்குச் சொல்லாது.

மூன்று வகையில் ஒன்றோடு உங்கள் படையணி திணறினால் கலங்க வேண்டாம். சதுரங்கப் போட்டிகளைப் போலவே நம் போட்டியும் சுவிஸ் முறை. ஒரே அளவு வெற்றி பெற்றவர்களே அடுத்தடுத்து மோதுவார்கள். ஐந்து சுற்றில் அந்தத் திணறும் ஜோடி ஒரு முறை வரலாம், வராமலும் போகலாம். அந்த ஒன்றுக்காகப் படையணியை வளைத்துவிட்டு மீதி நாலு சுற்றிலும் பலவீனமாக நிற்காதீர்கள். திணறும் ஆட்டத்திலும் இரண்டு கலத்தை வீழ்த்திவிட்டுத் தோற்பதற்கு ஒரு வழி வைத்திருங்கள். புள்ளி சமமாகும்போது அதற்கும் மதிப்பு உண்டு.

மேம்பாட்டு அட்டைகள் பற்றி ஒரு சொல். புள்ளி மிச்சமிருக்கிறதே என்று அட்டை அட்டையாகத் திணிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒவ்வொரு அட்டையும் நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய ஒரு கடமை. உரிய நேரத்தில் அதைப் பயன்படுத்த மறந்துவிட்டால், பிறகு எதிராளி சம்மதித்தால்தான் திரும்பிப்போக முடியும். மாலையில், நாலு கலத்தில் பன்னிரண்டு அட்டைகளை நினைவில் வைத்து ஆடுவது யாருக்கும் எளிதல்ல. நாலு கலங்களிலும் சேர்த்து நீங்கள் அட்டைக்குச் செலவழித்த புள்ளியைக் கூட்டிப் பாருங்கள். இன்னொரு கலமே வந்துவிடும் அளவுக்கு இருந்தால் அந்தக் கலத்தையே எடுங்கள். லான்செஸ்டர் உங்கள் பக்கம் நிற்பார். ஓர் அட்டையை வைத்துக்கொள்வதாக இருந்தால், ஒவ்வொரு ஆட்டத்திலும் பயன்படுவதாக, மறக்க முடியாததாக இருக்கட்டும்.

அடுத்தது, காலத்துக்குக் காலம் மாறும் மோகம். இந்த ஆட்டத்தின் வரலாறே இதற்குச் சாட்சி. 2014இல் டை ஃபேன்டம் வந்தது. விஸ்பர் என்ற விமானி கையில் அது மேசைகளை ஆண்டது. பிறகு மறைவிலிருந்து வெளிப்படும் விதியைத் திருத்தினார்கள். அதன் ஆதிக்கம் தளர்ந்தது. 2016இல் ஜம்ப்மாஸ்டர் கலம் மூன்றில் டார்பிடோ ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் போட்டி போட்டியாக வென்றார்கள். அதற்கும் திருத்தம் வந்தது. ஒரு கட்டத்தில், ஆட்டத்துக்கே பெயர் கொடுத்த எக்ஸ்-விங்கைப் போட்டி மேசைகளில் காண்பது அரிதாயிற்று. முதல் பதிப்பில் புள்ளிகள் அட்டையிலேயே அச்சிடப்பட்டிருந்தன. தவறான விலையைத் திருத்த வழியில்லை. இரண்டாம் பதிப்பில் புள்ளிகளை அட்டையிலிருந்து எடுத்துவிட்டு, அவ்வப்போது மாற்றக்கூடிய தனிப் பட்டியலாக்கினார்கள். 2022இல் விதிகளே பெரிதாக மாறி, 200 புள்ளி 20ஆகி, மேம்பாட்டு அட்டைகளுக்குத் தனிக் கணக்கு வந்தது. 2024இல், அப்போது ஆட்டத்தை நடத்திவந்த அட்டாமிக் மாஸ் கேம்ஸ், இனிப் புதிதாக எதுவும் வராது என்று அறிவித்துவிட்டது.

இவ்வளவு மாற்றத்திலும் நிலைத்து நின்றது ஒன்று உண்டு. பெட்டியிலிருந்து நகர்வை அளக்கும் டெம்ப்ளேட்டை எடுக்காமலே, இந்த வளைவு எடுத்தால் என் கலம் எங்கே போய் நிற்கும் என்று கண்ணால் அளக்கத் தெரிந்தவர், எந்தப் பதிப்பு வந்தாலும் நன்றாகவே ஆடினார். ஒவ்வொரு அலையிலும் வென்ற பட்டியலைத் துரத்தி, மூன்று மூன்றாகக் கலங்களை வாங்கிக் குவித்தவரிடம் மிஞ்சியது பெட்டிகள்தான். திருத்தம் வந்த அன்று அந்தப் பட்டியலின் வலிமை போய்விட்டது. கலத்தை ஓட்டும் பழக்கம் யாருடைய திருத்தத்தாலும் போகாது. புதிதாகக் கலம் வாங்க வேண்டும் என்ற அழுத்தத்துக்கும் இடம் கொடுக்காதீர்கள். கையில் இருப்பதை வைத்து எழுதுங்கள். இல்லாததை நம்மில் யாரிடமாவது கேளுங்கள். எங்கள் அலமாரிகளில் தூசி படிந்துகொண்டிருக்கும் கலங்கள் ஏராளம்.

இன்று ஆட்டத்தின் விதிகளைக் காப்பாற்றி, புள்ளிகளைச் சரிசெய்துகொண்டிருப்பவர்கள் ஆட்டக்காரர்களே. எந்தக் கலத்தையும் விற்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. அலமாரியில் கிடக்கும் கலங்கள் மேசைக்கு வர வேண்டும் என்பதே அவர்கள் அக்கறை. ஆகவே "இதெல்லாம் போட்டிக்கு ஆகாது" என்று யாரும் ஒதுக்கிய கலத்தை நீங்கள் விரும்பினால், தைரியமாக எழுதுங்கள். அது உங்களிடம் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருந்தால் போதும்.

இதே மடலில், நெடுநாளாக ஆடிவரும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதியவர் ஒருவர் தன் பட்டியலைக் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டால், உடனே நாலு அட்டையை மாற்றச் சொல்லாதீர்கள். "இதை வைத்து எப்படி ஜெயிக்கப் போறீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, எதிரே ஏஸ் படையோடு உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடுங்கள். ஆட்டம் முடிந்ததும், தப்பு நடந்த டர்னைத் திரும்ப மேசையில் வைத்துக் காட்டுங்கள். போட்டியன்று, அவர் மறந்த ஃபோகஸை ஒரு முறை நினைவூட்டினால் உங்கள் வெற்றி குறைந்துவிடாது. புதியவர்கள் அடுத்த போட்டிக்கும் வந்தால்தான் இந்த ஆட்டம் உயிரோடு இருக்கும். இனி இதற்கு விளம்பரம் செய்ய நம்மைத் தவிர வேறு யாரும் இல்லை.

புதியவர்களுக்குக் கடைசியாக ஒன்று. போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே பட்டியலை முடிவு செய்துவிடுங்கள். அதன் பிறகு ஓர் அட்டையைக்கூட மாற்றாதீர்கள். ஓர் ஆட்டம் தோற்றதும் மாற்றத் தோன்றும். தோல்விக்குக் காரணம் பட்டியலா, டயலா என்று குறிப்பைப் பாருங்கள். பெரும்பாலும் டயலாகவே இருக்கும். அதை மாற்ற அட்டை தேவையில்லை, இன்னோர் ஆட்டம் போதும். ஒரு பயிற்சி ஆட்டமாவது, வேலை முடிந்து களைத்து வந்த மாலையில் ஆடிப் பாருங்கள். அப்போதும் கை தடுமாறாமல், அடுத்த நகர்வு தானாக மனதில் வந்தால் உங்கள் படையணி தயார். வராவிட்டால் இன்னும் எளிமையாக்குங்கள். ஓர் அட்டையை எடுங்கள், ஓர் ஏஸைக் குறையுங்கள், இன்னொரு சாதாரணக் கலத்தைச் சேருங்கள்.

பட்டியலை எழுதியதும் எனக்கும் காட்டுங்கள். எந்தக் கலம் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் ஒற்றை வாக்கியம் என்ன என்றுதான் கேட்பேன். அதைத் தயங்காமல் சொல்ல முடிந்தால், முதல் சுற்றில் எதிரே யார் நின்றாலும் கைகுலுக்கிவிட்டு ஆடத் தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்களோடு அதே விரிப்பில் ஆடக் காத்திருக்கும் ஒரு சக ஆட்டக்காரர்